பதினொன்று பத்துக்கு வந்த முறைப்பாடு: கொழும்பிலிருந்து ஒரு சிறு தமிழ் வழங்கியை மட்டுறுத்துவது குறித்து

வெள்ளவத்தைக் காவலாளி · சனி, இரவு 9.20

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்று பத்துக்கு என் கைபேசிக்கு ஒரு முறைப்பாடு வந்தது. காலி வீதியில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் முன் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்த நான், கல்லில் தகடுகள் மோதும் சத்தத்துக்கு நடுவிலேயே அதைத் திறந்து பார்த்தேன். எங்கள் பகுதி ஒழுங்கையொன்றில் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் முகம் தெளிவாகத் தெரியும் படம். அதன் கீழே "இவனைப் போட்டுத் தள்ளினால்தான் இந்த ஒழுங்கை உருப்படும்" என்றொரு வரி. பின்னர் விசாரித்தபோது, கடனுக்குப் பொருள் கொடுக்க மறுத்ததால் வந்த தகராறு என்று தெரிந்தது.

மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக வலையமைப்பு; வெவ்வேறு ஆட்கள் நடத்தும் வழங்கிகள், அதாவது சேவையகங்கள், ஒன்றோடொன்று இணைந்து அதை இயக்குகின்றன. நாங்கள் மூவர் சேர்ந்து நடத்தும் மாஸ்டடான் வழங்கி மிகச் சிறியது. அந்தப் பதிவு எங்களிடத்தில் எழுதப்பட்டதும் அல்ல. வெளிநாட்டிலுள்ள வேறொரு வழங்கியில் கணக்கு வைத்திருப்பவர் எழுதியதை எங்கள் பயனர் ஒருவர் மீள்பகிர்ந்திருந்தார். மீள்பகிர்ந்த கணமே படத்தின் பிரதி எங்கள் சேமிப்பகத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் பிரதியை நான் அந்த நடைபாதையில் நின்றபடியே அழித்தேன். எழுதியவரின் கணக்கை எங்கள் பக்கத்தில் மட்டுப்படுத்தினேன், அதாவது அவர் எழுதுவது அவரைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி செய்தேன். மூல வழங்கியின் நிர்வாகிக்கு முறைப்பாட்டை அனுப்பிவைத்தேன். அவர் மறுநாள் பிற்பகலில் மிகப் பண்பாகப் பதில் எழுதினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தபோது "போட்டு" என்பதற்கு வைப்பது என்றும் "தள்ளினால்" என்பதற்கு நகர்த்துவது என்றும் பொருள் வந்ததாம். யாரையோ தேர்தலில் முன்னுக்குத் தள்ளச் சொல்கிறார்கள் என்று எண்ணி விட்டுவிட்டாராம். விளக்கம் எழுதியபின் பதிவை அகற்றினார். அதற்குள் வேறு சில வழங்கிகளில் அதன் பிரதிகள் இருந்தன.

வியாழக்கிழமை கடைக்காரரின் மகள் என்னிடம் கேட்டார்: "அண்ணா, அழித்துவிட்டதாகச் சொன்னீர்கள், ஏன் அப்பாவின் படம் இன்னும் வருகிறது?" அழித்தல் கட்டளை ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு வேண்டுகோளாகத்தான் போகிறது, அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மென்பொருளையும் மனத்தையும் பொறுத்தது என்று விளக்கினேன். அவருக்கு விளங்கியது, ஆனால் அது ஒரு பதிலாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் கருத்து இதுதான். இப்படிப் பல கைகளில் பிரிந்திருக்கும், அதாவது பரவலாக்கப்பட்ட, வலையமைப்புகளில் மட்டுறுத்தலும் (பதிவுகளைக் கண்காணித்துத் தகாதவற்றை அகற்றுவது) பாவனை இலகுவும் இருவேறு சிக்கல்கள் போலப் பேசப்படுகின்றன. என் அனுபவத்தில் அவை ஒன்றே. ஒருவர் முதன்முதலாக உள்ளே வரும்போது "ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியின் உண்மையான பொருள் "உங்களுக்கான நீதவானைத் தேர்ந்தெடுக்கவும்" என்பதாகும். அவருக்கோ எவரையும் தெரியாது. சட்டம் எதுவென்றும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு அந்த நீதவான் கொத்துக் கடையில் நிற்பார் என்பதும் தெரியாது. இது பற்றி உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை · சனி, இரவு 9.58

தம்பி, நான் உள்ளே வந்த கதையைச் சொன்னால் நீங்கள் எழுதியது இன்னும் விளங்கும். என் பெறாமகன் கனடாவிலிருந்து தன் முகவரியை அனுப்பினான். அதில் இரண்டு இடத்தில் அந்தச் சுழி எழுத்து (@) இருந்தது. மின்னஞ்சல் முகவரி என்று நினைத்து நான் அதற்குக் கடிதம் எழுதினேன், திரும்பி வந்தது. பிறகு அவனுடைய பக்கத்தின் இணைப்பைத் திறந்து "பின்தொடர்" என்பதை அழுத்தினேன். கணக்கில் நுழையச் சொன்னது. என் கடவுச்சொல்லை இட்டேன்; அப்படி ஒருவர் இல்லை என்றது. ஆகவே அங்கேயே புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். அடுத்த வாரம் என் பழைய மாணவி ஒருத்திக்கும் அப்படியே. இப்போது எனக்கு மூன்று வழங்கிகளில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. பெறாமகன் பின்தொடர்வது நான் மறந்துபோன கணக்கை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த எனக்கே என் கணக்குகளை எண்ண முடியவில்லை.

தெகிவளைச் சந்தி · சனி, இரவு 10.25

ஆசிரியை அவர்களுக்கு நேர்ந்தது அவருடைய பிழை அன்று. மற்ற வழங்கியின் பக்கம் உலாவியில் திறக்கும்போது, நீங்கள் யார் என்பது அதற்குத் தெரியாது. செய்ய வேண்டியது, உங்கள் சொந்த வழங்கியின் தேடல் பெட்டியில் அந்த முழு முகவரியையும் ஒட்டி, அங்கிருந்து பின்தொடர்வதுதான். இதைச் சொல்லாமல் ஒருவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மென்பொருள் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சற்று மாறுபட்ட கருத்தை வைக்கிறேன். மாஸ்டடான் 2016 இல் வெளிவந்தது. வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ள அது பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக 2018 ஜனவரியில் ஆயிற்று. 2022 ஒக்டோபரில் டுவிட்டர் கை மாறியபோது மக்கள் அலையலையாக வந்தார்கள். வந்த வேகத்தில் பலர் திரும்பியும் போனார்கள். அந்தத் தெரிவுத் திரையைக் கண்டு மிரண்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அதனால்தான் 2023 மேயில் மாஸ்டடானின் அதிகாரபூர்வச் செயலி, புதியவர்களை இயல்பாகவே தன் நிறுவனம் நடத்தும் பெரிய வழங்கிக்கு அனுப்பத் தொடங்கியது. பாவனை இலகுவாயிற்று, பரவலாக்கம் அந்த அளவுக்குக் குறைந்தது.

புளூஸ்கை என்னும் இன்னொரு சமூக வலையமைப்பு வேறு வழியைப் பிடித்தது. 2024 பெப்ரவரியில் அழைப்பில்லாமல் எவரும் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். அடுத்த மாதமே, எவரும் தனியாக ஒரு அடையாளமிடல் சேவை, அதாவது பதிவுகளின்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் சேவை, நடத்தலாம், பயனர் தமக்குப் பிடித்த சேவையைத் தெரிந்து சேர்த்துக்கொள்ளலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். அங்கே உங்கள் பதிவுகள் எந்தக் கணினியில் கிடக்கின்றன என்பதும், உங்களுக்காக யார் வடிகட்டுகிறார் என்பதும் இருவேறு தெரிவுகள். நீங்கள் சொன்ன உவமையில் வைத்தால், வீட்டை மாற்றாமலே நீதவானை மாற்றலாம். தமிழ் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து ஒரு தமிழ் அடையாளமிடல் சேவையை நடத்தினால் வழங்கி நடத்தும் சுமையே தேவையில்லை.

வெள்ளவத்தைக் காவலாளி · சனி, இரவு 10.50

சந்தி அவர்களே, நீங்கள் சொல்வது கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் புளூஸ்கையிலும் மிகப் பெரும்பாலானோரின் கணக்குகள் அந்த நிறுவனத்தின் கணினிகளிலேயே இருக்கின்றன. அடையாளமிடல் சேவை ஒரு பதிவின்மேல் "மிரட்டல்" என்று சீட்டு ஒட்டும். அந்தச் சேவையில் சேராதவர்களுக்குப் பதிவு அப்படியே தெரியும். கடைக்காரரின் மகளுக்கு அது எந்த வகையில் ஆறுதல்? அவருடைய தந்தையின் முகத்தை அவர் பார்க்காமல் இருப்பது அல்ல அவருடைய தேவை. ஒழுங்கையில் இருக்கும் மற்றவர்கள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

பம்பலப்பிட்டி 12 · சனி, இரவு 11.15

இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு முகநூல் குழு திறந்துவிட்டுப் போகலாமே.

தெமட்டகொடை நானா · ஞாயிறு, காலை 7.05

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இதை வாசித்தேன். பம்பலப்பிட்டித் தம்பிக்கு ஒரு சொல். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் எங்கள் ஆட்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றிய பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். பதிவுகள் சிங்களத்தில் இருந்தன. அவற்றை வாசிக்கக்கூடிய ஆட்கள் அந்த நிறுவனத்தில் போதுமான அளவு இருக்கவில்லை. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கியது. 2020 மேயில்தான் முகநூல் நிறுவனம் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக வருத்தம் தெரிவித்தது. இரண்டு வருடம்! 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும் தளங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், இன்னொரு முறை. அந்த மூன்றாவது தடை அன்றே நீக்கப்பட்டது.

பெரிய தளத்தில் ஆளில்லை. சிறிய வழங்கியில் ஆள் இருக்கிறார், ஆனால் அவர் கொத்துக் கடையில் நிற்கிறார். இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், கொத்துக் கடையில் நிற்பவரை எனக்குத் தொலைபேசியில் பிடிக்கலாம். அதற்காகவே நான் இங்கே இருக்கிறேன்.

அடையாறு · ஞாயிறு, காலை 10.40

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சிலருடன் இன்னொரு தமிழ் வழங்கியை நடத்துகிறேன். காவலாளி அவர்களின் வழங்கியோடு எங்களுக்கு நல்ல உறவு உண்டு, சென்ற ஆண்டு ஒரு சிறு மனக்கசப்பும் உண்டு. அதை இங்கே சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பயனர் ஒருவர் கொழும்பிலிருக்கும் ஒரு கவிஞரைத் "துரோகி" என்று திரும்பத் திரும்ப எழுதினார். அங்கிருந்து புகார் வந்தது. எங்களுக்கு வரும் புகார்களில் அந்தச் சொல் அடிக்கடி வரும். பெரும்பாலும் நடிகர்களின் ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது, கட்சி மாறியவரைத் திட்டுவது. "கருத்துச் சண்டை, நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி மூடிவிட்டேன். மறுநாள் எங்கள் வழங்கி முழுவதையும் அவர்கள் மட்டுப்படுத்திவிட்டார்கள் என்று தெரிந்தபோது, சிறிய விஷயத்துக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம் வந்தது.

வெள்ளவத்தைக் காவலாளி · ஞாயிறு, முற்பகல் 11.30

அடையாறு அவர்கள் இதை இங்கே எழுதியது பெருந்தன்மை. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்னரே அவர்மேல் அந்தச் சொல் ஒட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின்னரான வருடங்களில் மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களின் கழுத்தில் தொங்கிய அட்டைகளிலும் அதே சொல்தான் இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அது வசைச்சொல் அல்ல, தீர்ப்பு. கொழும்பில் தனியாக வாழும் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் அதை ஒரே நாளில் ஒன்பது முறை எழுதினால், அது எங்களுக்கு ரசிகர் சண்டையாகத் தெரியாது.

இருவருக்கும் தமிழ் தெரியும். ஒரே எழுத்து, ஒரே அகராதி. ஆனாலும் ஒரே சொல் பாக்கு நீரிணையைக் கடக்கும்போது எடை மாறுகிறது. நான் அன்று செய்த பிழை, உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தியது. மட்டுப்படுத்தலோடு நின்றதால் மீள முடிந்தது. முழுத் தடையாக இட்டிருந்தால் இரு வழங்கிகளுக்கும் இடையிலான பின்தொடர்தல்கள் அனைத்தும் அறுந்திருக்கும். தடையை நீக்கினாலும் அவை தாமாகத் திரும்புவதில்லை. தங்கள் நண்பர்கள் ஏன் திடீரென மௌனமாகிவிட்டார்கள் என்பதே பயனர்களுக்குத் தெரியாமல் போகும். 2024 ஒக்டோபரில் வந்த மாஸ்டடானின் 4.3 ஆம் பதிப்பில்தான் "இன்ன தொடர்புகள் துண்டிக்கப்பட்டன" என்று பயனருக்கு அறிவிக்கும் வசதியே வந்தது. நிர்வாகிகள் இருவரின் ஊடலுக்கு நூறு பேர் நட்பைப் பலி கொடுக்கும் ஏற்பாடு இது என்று சொன்னால் மிகையில்லை.

ஆயினும் தடை என்னும் ஆயுதம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2019 ஜூலையில் காப் என்னும் தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடானின் மென்பொருளுக்கு மாறியபோது, அதைத் தடுக்க மையத்தில் எவரிடமும் ஒரு பொத்தான் இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழங்கிகள் ஒவ்வொன்றாக அதைத் தடுத்தன. செயலிகள் சிலவும் தடுத்தன. பெரிய வீட்டுக்குள் வந்தும் கதவடைத்த அறையில் இருப்பதுபோல் அது தனித்துப் போயிற்று.

தெகிவளைச் சந்தி · ஞாயிறு, பிற்பகல் 2.10

சொல் என்று வந்ததால், வடிகட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்; இது எவரும் பேசாத இடம். மாஸ்டடானில் குறிப்பிட்ட சொல் வரும் பதிவுகளை மறைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் "முழுச் சொல்" என்றொரு தெரிவு உண்டு. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அது பெரும்பாலும் உதவாது. "கொழும்பு" என்று முழுச் சொல்லாக இட்டுப் பாருங்கள். கொழும்பில், கொழும்புக்கு, கொழும்பிலிருந்து என்பவை எல்லாம் தப்பிவிடும். அந்தத் தெரிவை நீக்கிவிட்டாலும் கொழும்புக்கு மட்டும் சிக்கும், கொழும்பில் சிக்காது, ஏனென்றால் இறுதி உகரம் அங்கே இல்லை. "கொழும்ப" என்று அகர ஈற்றோடு நிறுத்தி, முழுச் சொல் தெரிவை நீக்கினால்தான் எல்லாம் அகப்படும். வசைச்சொற்களுக்கும் இதே கதைதான். இலக்கணம் படித்தவருக்குத்தான் வடிகட்டி வேலை செய்யும்!

அடுத்தது ஏய்ப்பு. தமிழ் எண் ௧ பார்வைக்கு க போலவே இருக்கும். ௭ என்பது எ போல, ௨ என்பது உ போல. வசைச்சொல்லில் ஒரு ககரத்தை எடுத்துவிட்டு ௧ இட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, வடிகட்டிக்கு அது வேறு சொல். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்று. மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடாவிட்டால் ஒன்று தப்பும். இதைச் செய்பவர்கள் எல்லோரும் ஏய்ப்பவர்களும் அல்லர். சிலருடைய விசைப்பலகையே அப்படித்தான் எழுதுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. மாஸ்டடானின் 500, புளூஸ்கையின் 300 என்ற எழுத்து வரம்புகளில் "கு" ஓர் எழுத்தாகவே எண்ணப்படுகிறது. டுவிட்டரில் ககரத்துக்கு ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று என்று இரண்டாக எண்ணுவார்கள். தமிழனுக்கு இவ்வளவு காலமும் பாதி வாய்தான் கொடுத்திருந்தார்கள்.

பம்பலப்பிட்டி 12 · ஞாயிறு, பிற்பகல் 3.00

நேற்று எழுதியதற்கு மன்னிக்கவும், நானா. ஒரு யோசனை: வழங்கிக்கு ".இலங்கை" என்று முடியும் தமிழ் முகவரி எடுத்து, பயனர் பெயர்களையும் தமிழிலேயே வைத்தால், ஆசிரியை போன்றவர்களுக்கு இலகுவாக இருக்குமல்லவா?

வெள்ளவத்தைக் காவலாளி · ஞாயிறு, பிற்பகல் 3.35

ஆசைதான், தம்பி. மாஸ்டடானில் பயனர் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமையலாம். பெயரைத் தமிழில் காட்டலாம். முகவரி ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். களப்பெயர், அதாவது வழங்கியின் இணைய முகவரி, தமிழில் இருக்கலாம், ஆனால் உள்ளே அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படும். சில இடங்களில் அந்தக் கோவையே பயனர் கண்ணில் படும். இன்னொன்று, ஒருமுறை வைத்த களப்பெயரைப் பின்னர் மாற்ற முடியாது. மற்ற வழங்கிகள் அனைத்தும் நம்மை அந்தப் பெயரில்தான் அறிந்திருக்கும். 2024 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் நாட்டுக் களப்பெயரில் இயங்கிய ஒரு மாஸ்டடான் வழங்கியின் பெயரைத் தலிபான் நிர்வாகம் பறித்தபோது, அந்த வழங்கி அந்தப் பெயரோடே மறைந்துபோனது. பெயரின் வாலை எவர் கையில் கொடுக்கிறோம் என்பதைச் சிந்தித்துத்தான் எடுக்க வேண்டும்.

புதுக்கடைச் சட்டத்தரணி · ஞாயிறு, இரவு 8.15

இதுவரை எவரும் சட்டத்தைத் தொடவில்லை, ஆகவே தொடுகிறேன். இது சட்ட ஆலோசனை அன்று, பொதுவான கருத்து.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24 ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகரின் கையொப்பத்தைப் பெற்றது. ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அது ஏற்படுத்துகிறது. தடைசெய்யப்பட்ட கூற்று எனக் கருதப்படுவதை அகற்றுமாறு அறிவித்தல் கிடைத்தால், இணங்குவதற்கு 24 மணி நேரம். பெருநிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது என்பது என் எண்ணம். அவற்றுக்குச் சட்டப் பிரிவுகள் உண்டு, இரவுப் பணியாளர்கள் உண்டு. காவலாளிக்கு ஒரு கைபேசி உண்டு. அவர் இரண்டு நாள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டால் அந்த 24 மணி நேரம் என்னவாகும்?

அதைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் எழுதாததும் உங்கள் கணினியில் இருக்கிறது என்பது. மற்ற வழங்கிகளின் படங்களும் காணொளிகளும் உங்கள் சேமிப்பகத்தில் பிரதியாகின்றன என்று நீங்களே சொன்னீர்கள். 2023 ஜூலையில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாஸ்டடான் வழங்கிகளில் இரண்டு நாட்களில் ஏறக்குறைய 325,000 பதிவுகளைப் பரிசோதித்து, சிறுவர் துஷ்பிரயோகம் என ஏற்கெனவே அறியப்பட்ட படங்களோடு பொருந்தும் 112 நிகழ்வுகளைக் கண்டறிந்தார்கள். பெரிய தளங்கள் அத்தகைய படங்களை வந்தவுடன் தானாக ஒப்பிட்டுப் பிடிக்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. சிறு வழங்கிகளில் பெரும்பாலானவற்றிடம் அவை இல்லை. அப்படி ஒரு படம் உங்கள் சேமிப்பகத்தில் கிடந்தால், "அது பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வந்தது" என்று நீதவானிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 2023 மேயில் அமெரிக்காவில் கொலெக்டிவா என்னும் மாஸ்டடான் வழங்கியின் நிர்வாகி ஒருவரின் வீடு வேறொரு விடயம் தொடர்பாகச் சோதனையிடப்பட்டபோது, அங்கிருந்த தரவுத்தளப் பிரதியும் கையகப்படுத்தப்பட்டது, அது மறைகுறியாக்கப்பட்டிருக்கவில்லை, அதாவது கையில் எடுத்தவர் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருந்தது. மாஸ்டடானின் தனிப்பட்ட செய்திகளும் மறைகுறியாக்கப்படுவதில்லை. உங்கள் பயனர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

அடையாறு · ஞாயிறு, இரவு 8.50

வெளியிலிருந்து வரும் படங்களைக் குறிப்பிட்ட சில நாட்களுக்குப் பின் தானாக அழிக்கும்படி நிர்வாக அமைப்பில் குறித்துவைக்கலாம், சார். நாங்கள் ஏழு நாள் வைத்திருக்கிறோம். சேமிப்பகச் செலவும் குறைந்தது. குறிப்பிட்ட வழங்கியிலிருந்து எழுத்து மட்டும் வரட்டும், படம் வேண்டாம் என்றும் நிறுத்தலாம். ஜப்பானியப் பெரிய வழங்கி ஒன்றோடு 2017 இல் பல ஐரோப்பிய வழங்கிகள் அப்படித்தான் செய்தன. சிறுவர்களைப் பாலியல் ரீதியில் காட்டும் கைவரைச் சித்திரங்கள் சில ஜப்பானில் சட்டத்துக்கு உட்பட்டவை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் குற்றம். எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் ஒரே வேலி போட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளவத்தைக் காவலாளி · ஞாயிறு, இரவு 9.40

சட்டத்தரணி அவர்களே, தனிச் செய்திகளைப் பற்றி விதிமுறைப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அந்தப் பக்கத்தை எவரும் வாசிப்பதில்லை. எனவே இன்றிரவே வரவேற்புச் செய்தியின் முதல் வரியில் இதை வைக்கிறேன்: "இங்கே நீங்கள் அனுப்பும் தனிச் செய்தியை நிர்வாகிகள் மூவராலும் வாசிக்க முடியும்; வாசிப்பதில்லை, ஆனால் முடியும்." சிலர் இதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து போவது நல்லது.

நல்லூருக்குப் போகும் அந்த இரண்டு நாட்களைப் பற்றி நீங்கள் கேட்டது உறுத்துகிறது. நாங்கள் மூவருமே வேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்குச் சென்ற மாதம் குழந்தை பிறந்திருக்கிறது. முறைப்பாடுகள் வருவது பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். புதிய பயனர் பதிவை இன்று முதல் நிறுத்திவைக்கிறேன். நான்காவது ஆள் கிடைக்கும்வரை திறக்கப்போவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டில் ஆளில்லாமல் இருப்பது முறையன்று.

தெமட்டகொடை நானா · ஞாயிறு, இரவு 10.00

சிங்களத்தில் வருவதை எனக்கு அனுப்புங்கள். பகலிலும் சரி, இரவிலும் சரி, கடையில்தான் இருப்பேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை · ஞாயிறு, இரவு 10.20

தம்பி, எனக்கு எப்படியும் பன்னிரண்டு மணிக்கு முன் நித்திரை வராது. ஒன்பதிலிருந்து நான் பார்க்கிறேன். பிள்ளைகளின் கட்டுரைகளில் எது பகிடி, எது பழி என்று பிரித்துப் பழகிய கண்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாதி தமிழில் இருக்கிறது, பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு முறைப்பாட்டுக்குக் கீழே நான்கைந்து பொத்தான்கள். அவற்றில் நான் பிழையாக அழுத்திவிட்டால் திருப்பி எடுக்கக்கூடியது எது?

வெள்ளவத்தைக் காவலாளி · ஞாயிறு, இரவு 10.32

அக்கா, மட்டுப்படுத்தல் என்பதை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். அதை அழுத்தினால் அந்த நபர் எழுதுவது அவரைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும், பொதுவில் தெரியாது. இடைநிறுத்தம் என்பதை 30 நாட்களுக்குள் நீக்கலாம். அதற்குப் பின் தரவுகள் அழிந்துவிடும். பதிவை அழித்தால் அது போனதுதான்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை · ஞாயிறு, இரவு 10.41

அப்படியானால் முதலாவது பொத்தானை மட்டும் எனக்குத் தாருங்கள். மற்றவற்றை என் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள். படம் ஏதும் வந்தால் உங்களைத் தொலைபேசியில் எழுப்புவேன். முதலில் என்னுடைய அந்த இரண்டு பழைய கணக்குகளையும் மூடித் தாருங்கள். பெறாமகன் இன்னும் அங்கேதான் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.